தடித்த எர்த் வயரும் ஒரு மல்டிமீட்டரும்

சென்ற ஆண்டு என் தம்பி ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். உள்ளே நீல நிற உறையுடன் சுண்டுவிரல் தடிமனில் ஐந்து வயர்களும், அவற்றை ஓரிடத்தில் சேர்த்துக் கட்டுவதற்குப் பொன் முலாம் பூசினாற்போல் பளபளக்கும் ஓர் உலோகக் கட்டையும் இருந்தன. எஞ்சின் சீராக ஓடும், இழுவை கூடும், முகப்பு விளக்கு பளிச்சென்று எரியும், பாட்டு தெளிவாகக் கேட்கும், எரிபொருள் மிச்சமாகும் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தார்கள். "இதப் போட்டுட்டு ஓட்டிப் பாருண்ணா, வண்டியே வேற மாதிரி இருக்கும்" என்றான். தன் காரில் ஏற்கெனவே பூட்டிவிட்டான் என்பதும், அதில் அவனுக்கு முழுத் திருப்தி என்பதும் அவன் முகத்திலேயே தெரிந்தது.

அவன் அதை எனக்குக் கொடுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 16 ஆண்டுகள் ஓடிய என் கார் சில மாதங்களாகவே காலையில் கிளம்ப முரண்டு பிடித்தது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் தூக்கக் கலக்கத்தில் எழுபவரைப் போல இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றி, பிறகுதான் வேகம் பிடிக்கும். முகப்பு விளக்குகளும் வெண்மை இழந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தன. பேட்டரியை மாற்றி ஓராண்டுதான் ஆகியிருந்ததால் பழியை அதன்மேல் போட முடியவில்லை. எனவே எர்த் வயரில் ஏதோ கோளாறு இருக்கலாம் என்ற தம்பியின் ஊகத்தை நானும் ஏற்றேன். ஆனால் புதிய வயர்களைப் பூட்டுவதற்கு முன், பழைய வயர்கள் உண்மையில் என்ன குற்றம் செய்கின்றன என்று அளந்து பார்த்துவிட வேண்டும் என்று எண்ணினேன். அந்த எண்ணம் என் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது.

எர்த் என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. வீட்டு மின்னிணைப்பில் எர்த் என்பது பாதுகாப்புக்கான கம்பி. கருவிகள் ஒழுங்காக இயங்கும்போது அதில் மின்னோட்டம் செல்வதில்லை. கசிவு ஏற்பட்டால் மட்டும் அது மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். காருக்கும் மண்ணுக்கும் அப்படி ஓர் உறவே கிடையாது. நான்கு ரப்பர் டயர்களின் மேல் நிற்கும் அந்த வண்டியில் எர்த் என்று நாம் சொல்வது மின்சுற்றின் சரிபாதி. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு ஆம்பியரும் விளக்கு, மோட்டார், ஹார்ன் என்று எதன் வழியாகச் சென்றாலும், கடைசியில் காரின் இரும்பு உடலின் வழியாகவே நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது. எலக்ட்ரான்கள் எதிர்த் திசையில்தான் ஓடுகின்றன என்று இயற்பியல் படித்தவர்கள் திருத்தலாம். நம் கணக்குக்கு அதனால் மாற்றம் ஏதும் இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு வயர், வர ஒரு வயர் என்று இழுக்காமல், வர வேண்டியதை உடலிடமே ஒப்படைத்ததன் மூலம் கார் செய்பவர்கள் ஏராளமான செம்பை மிச்சப்படுத்தினார்கள். ஒரு காலத்தில், குறிப்பாக 1960-கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில், உடலோடு இணைந்திருந்தது பாசிட்டிவ் முனை. இன்று ஏறத்தாழ எல்லாக் கார்களிலும் நெகட்டிவ்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. எஞ்சின் நேரடியாக உடலோடு பிணைக்கப்படவில்லை; அதிர்வு உள்ளே வராமலிருக்க ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் காரிலேயே மிக அதிக மின்னோட்டத்தை இழுக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரும், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரும் அந்த எஞ்சினின் மேல்தான் பூட்டப்பட்டிருக்கின்றன. எனவே எஞ்சினையும் பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் சேர்க்க ஒரு தடித்த கேபிளோ, செம்புக் கம்பிகளைப் பின்னிய ஒரு பட்டையோ இருந்தாக வேண்டும். சில கார்களில் அது பேட்டரியிலிருந்து நேரே எஞ்சினுக்கு வரும். என் காரில் பேட்டரியிலிருந்து உடலுக்கு ஒரு கேபிளும், உடலிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு பின்னல் பட்டையும் இருக்கின்றன. இவை போக, விளக்குகளிலிருந்தும் மற்றக் கருவிகளிலிருந்தும் வரும் மெல்லிய கறுப்பு அல்லது பழுப்பு வயர்கள் பத்துப் பன்னிரண்டு இடங்களில் உடலோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும்.

அந்த எஞ்சின் பட்டை அறுந்துவிட்டால் நடப்பது விசித்திரமானது. ஸ்டார்ட்டருக்கான மின்னோட்டம் நின்றுவிடாமல், திரும்பும் வழியைத் தானே தேடிக்கொள்ளும். ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், கியர் மாற்றும் கேபிள் என எஞ்சினையும் உடலையும் தொடும் எஃகுக் கம்பி எதுவானாலும் அதற்குச் சம்மதமே. மிதியை இழுக்கத்தான் அந்தக் கம்பி இருக்கிறது; நூறு ஆம்பியரைச் சுமக்க அதனால் ஆகாது. சூடேறி, அதன் பிளாஸ்டிக் உறை உருகி, கேபிள் இறுகிப்போகும். கிளட்ச் கேபிள் திரும்பத் திரும்ப எரிந்துபோகிறது என்று கேபிளையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் குனிந்து எர்த் பட்டையைப் பார்ப்பது நல்லது. வண்டியின் பின்புறத்திலும் இதே கதையின் சிறு வடிவத்தைக் காணலாம். பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தால், அந்த விளக்குத் தொகுதியின் எர்த் போய்விட்டது, மின்னோட்டம் பக்கத்து பல்பின் வழியாக வீடு திரும்புகிறது என்று பொருள்.

இனி, தடித்த வயர் என்ன செய்யும் என்ற கணக்கு. அரை மீட்டர் நீளமும் 25 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் கொண்ட ஒரு நல்ல செம்பு கேபிளின் மின்தடை ஏறத்தாழ 0.34 மில்லி ஓம். ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சுழற்ற ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், அந்தக் கேபிளில் இழக்கப்படும் மின்னழுத்தம் 0.05 வோல்ட். அதை எடுத்துவிட்டு இரண்டு மடங்கு தடிமனாக, 50 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டால் இழப்பு பாதியாகும், அதாவது 0.025 வோல்ட் மிச்சம். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியே 12.6 வோல்ட்டிலிருந்து 10 வோல்ட் அருகே இறங்கிவிடும் நிலையில், இந்த 0.025 வோல்ட் எந்த மூலைக்கு?

இதே கணக்கை வயரின் முனையில் உள்ள இணைப்புக்குப் போட்டுப் பாருங்கள். வயரின் நுனியில் மாட்டியிருக்கும் உலோக வளையமான லக்குக்கும் உடலின் தகட்டுக்கும் இடையே துருவோ, பெயின்ட்டோ, செம்பில் படரும் பச்சைக் களிம்போ புகுந்துகொண்டு அங்கே 5 மில்லி ஓம் தடையை உண்டாக்கிவிட்டால், அதே 150 ஆம்பியரில் இழப்பு 0.75 வோல்ட். தடை 20 மில்லி ஓமாகிவிட்டால் 3 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். ஸ்டார்ட்டர் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிடும். செம்பின் நடுப்பகுதிக்கு வயதாவதில்லை. வயதாவது அதன் இரண்டு நுனிகளுக்கு. இருபது ஆண்டுப் பழைய கேபிளின் உறையைக் கிழித்துப் பார்த்தால் நடுவில் செம்பு அநேகமாகப் புதுக் கம்பியைப் போலவே மின்னும். நுனியில் மட்டும் களிம்பேறியிருக்கும்.

இத்தகைய சிறு தடைகளை அளப்பதில் பலரும் செய்யும் ஒரு தவற்றை நானும் செய்தேன். மின்னழுத்தமும் மின்தடையும் அளக்கும் மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பி, அதன் வயர் நுனிகளில் உள்ள முள்களில் ஒன்றை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சினிலும் வைத்தேன். 0.2 ஓம் என்றது. முள்கள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்தாலும் அதே 0.2 ஓம். மீட்டரின் சொந்த வயர்களின் தடையே நாம் தேடும் தடையைப்போல் நூறு மடங்கு இருக்கும்போது அந்த அளவீட்டால் பயனில்லை. நூற்றுக்கணக்கான இழைகளில் ஒன்றே ஒன்று மட்டும் அறுபடாமல் இருந்தாலும் ஓம் மீட்டர் 'நலம்' என்றே சொல்லும். ஆனால் அந்த ஓர் இழையால் ஸ்டார்ட்டரைச் சுழற்ற முடியாது.

சரியான வழி, மின்னோட்டம் பாயும்போது மின்னழுத்த இழப்பை அளப்பது. மீட்டரை நேர்மின்னோட்ட (டி.சி.) வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே, அதாவது கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்பில் அல்லாமல் நடுவில் உள்ள ஈயத் தூணிலேயே அழுத்தி, மற்றதை எஞ்சின் பிளாக்கின் பெயின்ட் இல்லாத ஓரிடத்தில் வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். எஞ்சின் உடனே பிடித்துவிடாமலிருக்க எரிபொருள் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டால் சில விநாடிகள் நிதானமாகப் பார்க்கலாம். திரும்பும் வழி நன்றாக இருந்தால் மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. 0.5 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. அடைப்பு எங்கே என்று அறிய முள்ளைப் படிப்படியாக நகர்த்தினால் போதும். எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே எண் தாவுகிறதோ அங்கேதான் குற்றவாளி இருப்பான்.

என் காரில் மொத்த இழப்பு 0.64 வோல்ட். பேட்டரித் தூணுக்கும் கிளாம்புக்கும் இடையே 0.04, கிளாம்பிலிருந்து உடலில் கேபிள் முடியும் இடம் வரை 0.11, உடலிலிருந்து எஞ்சினுக்கு 0.49. முக்கால் பங்கு இழப்பு அந்தப் பின்னல் பட்டையிலேயே இருந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்திக் கீழே படுத்துப் பார்த்தபோது, கியர்பாக்ஸிலிருந்து கசிந்த எண்ணெயும் சாலைப் புழுதியும் சேர்ந்து அப்பி, பட்டை கறுத்த கயிறு போலத் தொங்கிக்கொண்டிருந்தது. துடைத்ததும் பாதி இழைகள் லக்கின் கழுத்திலேயே ஒடிந்திருப்பது தெரிந்தது. எஞ்சின் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் அந்தக் கழுத்து மடிகிறது. பதினாறு ஆண்டுகள் மடிந்தால் எந்தச் செம்பும் ஒடியும்.

அதே நீளம், அதே தடிமனில் ஒரு புதிய பின்னல் பட்டை வாங்கினேன். இரண்டு பக்கமும் போல்ட் உட்காரும் இடங்களை உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கினேன். உடலில் பேட்டரி கேபிள் முடியும் இடத்தையும், பேட்டரித் தூணையும், கிளாம்பின் உட்புறத்தையும் அப்படியே தேய்த்துச் சுத்தம் செய்தேன். மீண்டும் அளந்தபோது மொத்த இழப்பு 0.16 வோல்ட். ஸ்டார்ட்டருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ அரை வோல்ட் உயர்ந்திருந்தது. மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. பேட்டரிக்குப் போய்ச் சேரும் சார்ஜும் சற்றுக் கூடியது. ஆல்டர்நேட்டரின் மின்னோட்டமும் அதே பட்டையின் வழியாகத்தான் சுற்றை முடிக்க வேண்டும் என்பதால், 50 ஆம்பியர் பாயும்போது பழைய பட்டை ஏறக்குறைய 0.16 வோல்ட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது.

இதற்குப் பிறகுதான் தம்பியின் பெட்டியைத் திறந்தேன். ஐந்து வயர்களையும் வழிகாட்டித் தாளில் இருந்தபடி எஞ்சின் தலை, ஆல்டர்நேட்டர் தாங்கி, கியர்பாக்ஸ், இரண்டு பக்க உடல் என்று பூட்டி, மறுபடி அளந்தேன். 0.16 வோல்ட் 0.11 ஆனது. குறைந்தது உண்மை; பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஸ்டார்ட் ஆவதிலோ, ஐடிலிங்கிலோ, விளக்கிலோ எனக்கு எந்த மாற்றமும் தென்படவில்லை. அரை வோல்ட்டை மீட்டுத் தந்தவை ஒரு சாதாரணப் பட்டையும் உப்புத்தாளும். ஐந்து நீல வயர்களும் சேர்ந்து தந்தது அதில் பத்தில் ஒரு பங்கு.

முகப்பு விளக்கின் கதை வேறு. தம்பி கொடுத்த வயர் எதுவும் விளக்கின் எர்த் புள்ளிக்குப் போவதே இல்லை. விளக்கு எரியும்போது பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்தேன்: ஒரு பக்கம் 0.7 வோல்ட். பேட்டரித் தட்டின் அருகே, அமிலப் புகை பட்டுப் பொரிந்திருந்த ஒரு சிறு போல்ட்டின் கீழ் நான்கு வயர்கள் ஒன்றாகச் செருகப்பட்டிருந்தன. அதைக் கழற்றித் தேய்த்துத் திரும்ப மாட்டியதும் 0.08 வோல்ட்டாகிவிட்டது. ஹாலஜன் போன்ற இழை பல்புகளின் ஒளி, மின்னழுத்தத்தை விட மிக வேகமாக மாறக்கூடியது. மின்னழுத்தம் 5 சதவீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்துவிடும். எனவே அரை வோல்ட்டுக்கு மேல் கிடைத்த லாபம் அன்றிரவே கண்ணுக்குத் தெரிந்தது. எல்.இ.டி. விளக்குகள் வைத்திருப்பவர்கள் இதை எதிர்பார்க்க வேண்டாம். அவற்றின் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று மின்னோட்டத்தைத் தானே சீராக வைத்துக்கொள்வதால் அரை வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் அவை கண்டுகொள்வதில்லை.

அப்படியானால் தம்பி உணர்ந்த மாற்றம் பொய்யா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். ஜப்பானில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே வழக்கம் 'எர்த்திங்' என்ற பெயரில் பெரும் அலையாக எழுந்தது. அன்று பூட்டிப் பார்த்தவர்களில் பலர் வேறுபாட்டை உணர்ந்ததாகவே சொன்னார்கள். அத்தனை பேரும் ஏமாளிகள் அல்லர். வயர்களைப் பூட்டுபவர் முதலில் பழைய போல்ட்டுகளைக் கழற்றுகிறார், துடைக்கிறார், புதிதாக இறுக்குகிறார். பல ஆண்டுகளாகத் தளர்ந்திருந்த இணைப்பு அப்போதே சரியாகிவிடுகிறது. பெயர் மட்டும் புதிய வயருக்குப் போகிறது. இன்னொன்றும் உண்டு. வேலைக்கு முன் பேட்டரியைக் கழற்றுவதால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, தான் நாளடைவில் கற்றுவைத்திருந்த எரிபொருள் திருத்தங்களையும் ஐடிலிங் அளவுகளையும் பல கார்களில் மறந்துவிடுகிறது. அடுத்த சில நாட்களுக்கு அது அடிப்படை அளவுகளிலிருந்து மீண்டும் கற்றுக்கொள்ளும். அந்த இடைவெளியில் வண்டி உண்மையாகவே வேறு மாதிரி ஓடக்கூடும். வெறுமனே பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் அதே 'இழுவை' கிடைத்திருக்கும். இவற்றுக்கு மேல், புதிதாக ஒன்றைப் பூட்டிய கையோடு ஓட்டும் எவரும் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டுகிறார்கள்; அன்றைக்குக் கேட்கும் எஞ்சின் ஒலி எப்போதும் கேட்டதாக இருக்காது. தம்பியின் காரையும் அளந்தோம்: நீல வயர்களோடு 0.12 வோல்ட், அவற்றைக் கழற்றிவிட்டு 0.14. அவன் எண்களைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. வயர்களைத் திரும்பப் பூட்டிவிட்டான்.

எஞ்சின் சீராக ஓடும் என்ற வாக்குறுதிக்குப் பின்னால் ஒரு தர்க்கம் சொல்லப்படுகிறது: எர்த் நன்றாக இருந்தால் சென்சார்கள் துல்லியமாக அளக்கும், தீப்பொறி வலுவாகும் என்பது. பழைய கார்களுக்கு இதில் ஓரளவு உண்மை உண்டு. ஒற்றை வயர் மட்டுமே கொண்டு எஞ்சின் உடலின் வழியாகச் சுற்றை முடித்த வெப்பமானிகள், எர்த் பட்டை கெட்டால் பொய் சொல்லும். விளக்கைப் போட்டதும் வெப்பமானியின் முள் நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு, காற்றழுத்தம், திராட்டில் நிலை, குளிர்நீர் வெப்பம் போன்றவற்றை அளக்கும் சென்சார்களுக்குக் கணினியே 5 வோல்ட் அளிக்கிறது. அவற்றின் எர்த் வயரும் தனியாகக் கணினிக்கே திரும்புகிறது. ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் ஓடும் வழியில் அந்த மெல்லிய சமிக்ஞைகள் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பிரிவினை. எஞ்சின் தலையில் பூட்டப்படும் நீல வயர் அந்தத் தனி வழியைத் தொடுவதே இல்லை. தீப்பொறியும் அப்படித்தான். மின்னழுத்தம் குறைந்தால் தீப்பொறியை உண்டாக்கும் காயிலுக்கு மின்சாரம் பாயும் நேரத்தைக் கணினி நீட்டுகிறது; எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும் என்பதைக் கணக்கிட்டு அதன் திறப்பு நேரத்தையும் கூட்டுகிறது. 0.05 வோல்ட் கூடினால், அது அந்த நேரங்களைச் சிறிது குறைத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

எரிபொருள் மிச்சத்தைக் கணக்கிடுவது எளிது. ஓடும் காரில் 30 ஆம்பியர் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீல வயர்கள் குறைத்த தடை 0.33 மில்லி ஓம் என்றால், மிச்சமாகும் திறன் 0.3 வாட். ஆல்டர்நேட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் அரை வாட் என்று தாராளமாகச் சொல்லலாம். சமதளத்தில் சீரான வேகத்தில் செல்லும் சிறிய கார் 10,000 வாட் அளவில் செலவிடுகிறது. ஆக, மிச்சம் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஐந்து வயர்களின் எடை ஏறத்தாழ அரைக் கிலோ. அதைச் சுமந்து செல்ல ஆகும் எரிபொருள் இந்த மிச்சத்தை விழுங்கிவிடும் என்பதுதான் வேடிக்கை.

இவ்வளவு சொன்ன பிறகும், எர்த் கேபிளைத் தடிமனாக்குவது வீண் வேலை என்று பொதுவாகச் சொல்லிவிட எனக்கு மனமில்லை. காரில் இழுக்கப்படும் மின்னோட்டம் தொழிற்சாலையில் கணக்கிட்ட அளவைத் தாண்டும்போது கேபிளும் வளர வேண்டும். 1,000 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பூட்டினால், அது முழு வலுவில் பாடும்போது ஏறத்தாழ 100 ஆம்பியர் இழுக்கும். அதற்கு வரும் பாசிட்டிவ் கேபிள் எவ்வளவு தடிமனோ அவ்வளவு தடிமனில் எர்த் கேபிளும் வேண்டும், அதுவும் முடிந்தவரை குட்டையாக. அப்படிப்பட்டவர்கள் ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து உடலுக்கு, எஞ்சினிலிருந்து உடலுக்கு என்று மூன்று கேபிள்களையும் சேர்த்து மாற்றுவது நியாயமானது. பாசிட்டிவ் கேபிளில் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச் பூட்டியவர்கள், பேட்டரியை டிக்கிக்கு மாற்றியவர்கள், பெரிய எஞ்சினை மாற்றிப் பொருத்தியவர்கள் ஆகியோருக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆனால் 70 ஆம்பியர் ஆல்டர்நேட்டர் தடித்த கேபிளால் 100 ஆம்பியர் தந்துவிடாது. வாளியைப் பெரிதாக்கியதால் கிணற்றில் ஊற்று பெருகுவதில்லை.

பாட்டில் கேட்கும் இரைச்சலுக்கு எர்த் வயர்களைக் கூட்டுவது சில சமயம் எதிர் விளைவைத் தரும். ஸ்டீரியோ ஓரிடத்திலும் ஆம்ப்ளிஃபயர் வேறிடத்திலும் எர்த் எடுத்து, இரண்டு இடங்களுக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு இருந்தால், அந்த வேறுபாடே எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கையாக ஸ்பீக்கரில் கேட்கும். அதற்கு மருந்து, எர்த் எடுக்கும் இடங்களை ஒன்றாக்குவது.

அண்மைக் காலக் கார்கள் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எஞ்சின் தானே நின்று தானே கிளம்பும் வசதியுள்ள பல கார்களில் நெகட்டிவ் கிளாம்பின் மேல் ஒரு சிறு சென்சார் உட்கார்ந்திருக்கும். பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கிறது. கூடுதல் எர்த் வயரை நேரே பேட்டரித் தூணில் பூட்டினால், அந்த வழியில் பாயும் மின்னோட்டம் சென்சாரின் கணக்கில் வராது. கார் தன் பேட்டரியின் நிலையைத் தவறாக எடைபோடத் தொடங்கும். வயரைப் பூட்டியே தீர வேண்டுமென்றால் சென்சாரைத் தாண்டி, உடலின் பக்கமே பூட்ட வேண்டும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறை போட்ட உயர் மின்னழுத்தக் கேபிள்கள் உடலோடு சேராமல் தனித்தே இயங்குகின்றன. அவற்றின் பக்கம் கையே போகக் கூடாது.

வேலையைத் தாமே செய்ய விரும்புகிறவர்கள் நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். லக்கை அழுத்திப் பிடிக்கவைக்கும் கருவியால் இறுக்குவதே மேல்; ஈயப் பற்று இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடுவதால், அதிர்வில் சரியாக அந்த விளிம்பிலேயே ஒடியும். எஞ்சினோடு அசையும் இடத்துக்குப் பின்னல் பட்டையோ, நுண்ணிழைகள் நிறைந்த நெகிழ்வான கேபிளோதான் பொருந்தும், கொஞ்சம் தொய்வும் விட வேண்டும். இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ வாசலினோ தடவினால் ஈரம் அண்டாது. சீட் பெல்ட் போல்ட்டிலும், பிரேக் குழாய், எரிபொருள் குழாய்த் தாங்கிகளிலும் எர்த் எடுக்கக் கூடாது.

நீல வயர்களைப் பிறகு கழற்றிவிட்டேன். அவற்றில் ஒன்றைக் குட்டையாக்கி வேறெதற்காவது பயன்படுத்தலாம் என்று வெட்டியபோது, சுண்டுவிரல் தடிமனில் பாதி உறையே என்று தெரிந்தது. இழையைக் கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியக் கம்பியின் மேல் செம்பை மெல்லியதாகப் போர்த்தியிருந்தார்கள். அதே தடிமனுள்ள முழுச் செம்பை விட அதற்குத் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மடங்கி மடங்கி நிமிர்வதையும் அது செம்பைப் போலத் தாங்காது.

தம்பி இப்போது ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போவதாகச் சொல்கிறான். கேபிள் வாங்கும் முன் மல்டிமீட்டரைக் கேட்டிருக்கிறான். சென்ற ஞாயிற்றுக்கிழமை அதை அவனிடம் கொடுப்பதற்கு முன் என் காரை மறுபடி ஒரு முறை அளந்தேன். ஓராண்டுக்குப் பிறகு, எண்ணெய்க் கசிவின் நடுவே தொங்கும் அந்தச் சாதாரணப் பட்டையோடு, 0.17 வோல்ட்.